சிறப்புத் தேவையுடைய குழந்தைகளின் தூக்கமும் மெலட்டோனினும்

மதியிறுக்கம், பார்வையின்மை, அறிவுத்திறன் குறைபாடு, வலிப்பு ஆகியவற்றோடு வளரும் குழந்தைகள் பலருக்கு இரவுத் தூக்கம் சரியாக அமைவதில்லை. குழந்தை விழித்திருந்தால் வீடே விழித்திருக்கும். இச்சிக்கலுக்கு இன்று பல நாடுகளில் கொடுக்கப்படும் பொருள் மெலட்டோனின். மூளையின் நடுவிலுள்ள பினியல் என்னும் சிறு சுரப்பி இருட்டிய பின் சுரக்கும் இயக்குநீர் இது. தூக்க மாத்திரையைப் போல மயக்கி வீழ்த்தாமல், இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிப்பதே இதன் வேலை.

இதன் கதை தூக்கத்தில் தொடங்கவில்லை, தோலில் தொடங்கியது. மாட்டின் பினியல் சாறு தலைப்பிரட்டையின் தோலை வெளுக்கச் செய்வதை 1917-இல் மெக்கார்டு, ஆலன் என்னும் இரு அமெரிக்கர்கள் கண்டனர். 1958-இல் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், வெண்புள்ளி நோய்க்கு வழி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏராளமான மாட்டுப் பினியல் சுரப்பிகளிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் இட்ட பெயர் நிலைத்தது.

பிரகாசமான ஒளி மனிதரின் மெலட்டோனின் சுரப்பை அடக்குகிறது என்று 1980-இல் ஆல்ஃபிரட் லூயியும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். பார்வையற்றோரின் தூக்கச் சிக்கலுக்கு இது விளக்கமாக அமைந்தது. உடலின் கடிகாரம் தானாக ஓடும்போது ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. கண் வழியே வரும் பகலொளி அதை நாள்தோறும் திருத்துகிறது. ஒளியே தெரியாதவருக்கு அந்தத் திருத்தம் இல்லாததால், தூங்கும் நேரம் நாளுக்கு நாள் பின்தள்ளிப்போகும். சில வாரங்களில் இரவு பகலாகிவிடும். அறிவுத்திறன் குறைபாடும் பார்வையின்மையும் உள்ள ஒரு சிறுவனின் இத்தகைய சுழற்சியை மெலட்டோனின் கொடுத்துச் சீராக்கியதாக 1991-இல் சுவீடன் மருத்துவர்கள் எழுதினர். பார்வையற்ற குழந்தைகளைக் கவனித்துவந்த கனடாவின் வான்கூவர் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் யான் குழுவினர், 1994-இல் 15 குழந்தைகளின் அனுபவத்தை வெளியிட்டனர். கொடுத்த அளவு 2 முதல் 10 மில்லிகிராம். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு பதிவுதான் அது. ஆனாலும் குழந்தை நரம்பியலில் பலர் கவனம் இதன் பக்கம் திரும்ப அது காரணமாயிற்று.

அதே 1994-இல் அமெரிக்கா ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களுக்கான புதிய சட்டத்தை இயற்றியது. மருந்துக்குத் தேவையான முன்அனுமதி இல்லாமலே மெலட்டோனின் கடை அலமாரிக்கு வந்தது. ஐந்தே ஆண்டுகளுக்கு முன், 1989-இல், தூக்கத்துக்காகவும் விற்கப்பட்ட எல்-டிரிப்டோபன் என்னும் துணைப்பொருளால் அங்கே கடும் தசைவலி நோய் பரவிப் பலர் உயிரிழந்திருந்தனர். அந்தப் பாடம் அவ்வளவு விரைவில் மறக்கப்பட்டது வியப்புக்குரியது. ஐரோப்பாவின் பல நாடுகள் மெலட்டோனினை மருத்துவர் சீட்டுக்கு உரிய மருந்தாகவே வைத்துக்கொண்டன.

1998-இல் ஓர் எச்சரிக்கை எழுந்தது. நரம்பியல் குறைபாடுள்ள ஆறு குழந்தைகளுக்கு மெலட்டோனின் கொடுத்ததில் நால்வருக்கு வலிப்பு கூடியதாக லான்செட் இதழில் ஷெல்டன் எழுதினார். வலிப்புள்ள குழந்தைகளுக்கே இது அதிகம் தேவைப்பட்டதால் அச்சம் நியாயமானது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் அப்படி வலிப்பு கூடுவது தென்படவில்லை.

உறுதியான சான்றுக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 3 முதல் 15 வயது வரையுள்ள 146 குழந்தைகளிடம் 12 வாரங்கள் நடந்த ஆய்வில், வெற்று மருந்து உண்டவர்களோடு ஒப்பிட, மெலட்டோனின் உண்ட குழந்தைகள் ஏறத்தாழ 40 நிமிடம் முன்னதாகவே உறங்கினர். ஆனால் காலையில் அரை மணி நேரம் முன்னதாகவே எழுந்தும்விட்டனர். பெற்றோர் எழுதிய குறிப்பேட்டின்படி மொத்தத் தூக்கம் கூடியது சராசரியாக 22.4 நிமிடமே. மாத்திரை தரும் முன் 4 முதல் 6 வாரங்கள் படுக்கை நேரப் பழக்கங்களைச் சீர்செய்யும் பயிற்சி எல்லாக் குடும்பங்களுக்கும் தரப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சீக்கிரம் விழிப்பதைச் சரிசெய்ய, மெல்லக் கரைந்து இரவு முழுதும் வெளிப்படும் வடிவம் உருவாக்கப்பட்டது. மதியிறுக்கமுள்ள குழந்தைகள் பலர் பெரிய மாத்திரையை விழுங்க மாட்டார்கள் என்பதால் அதன் குறுக்களவு 3 மில்லிமீட்டர் மட்டுமே. 125 குழந்தைகளிடம் 13 வாரங்கள் நடந்த ஆய்வில் தூக்கம் சராசரியாக 57.5 நிமிடம் கூடியது. வெற்று மருந்தில் 9 நிமிடம். மதியிறுக்கத்துக்கும், பகலில் மெலட்டோனின் சுரக்கும் தலைகீழ் நிலை கொண்ட சுமித்-மாகெனிசு நோய்க்கும் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்றது.

அமெரிக்க அலமாரியில் நடந்தது வேறு. அங்கு நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த, சிறார் மெலட்டோனின் விழுங்கிய அறிவிப்புகள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. மிட்டாய் போன்ற சுவையும் வடிவமும் இதற்கு உதவியிருக்கும். அளவும் நம்பும்படி இல்லை. கனடாவில் 31 துணைப்பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், 1.5 மில்லிகிராம் என்று எழுதியிருந்த மெல்லும் மாத்திரை ஒன்றில் 9 மில்லிகிராம் அளவுக்கு இருந்தது. எட்டில் செரட்டோனின் கலந்திருந்தது. தலைவலியையோ மறுநாள் மந்தத்தையோ வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தைக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. 2023-இல் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட 25 கம்மி மிட்டாய் வகைகளில் 22-இன் உறையில் அளவு தவறாக இருந்தது. ஒன்றில் மெலட்டோனினே இல்லை.