ஹுனைய்க்கு உமர் (ரலி) இட்ட கட்டளை

இஸ்லாத்திற்கு முந்தைய அரபகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வலிமை மிக்க குலத்தலைவன் புல் செழித்த நிலத்தைக் கண்டால், மேடான ஓரிடத்தில் நாயைக் குரைக்கச் செய்வான். அந்த ஒலி எட்டும் தூரம் வரை நிலம் அவனுக்குரியது. அங்கே பிறர் கால்நடைகள் நுழையலாகாது. அவனுடைய கால்நடைகளோ பிறர் மேய்க்கும் இடங்களிலும் தாராளமாக மேயும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கும் செய்தி இது. இவ்வாறு தடுத்து வைக்கப்பட்ட நிலத்தை ‘ஹிமா’ என்றனர். காக்கப்பட்ட இடம் என்பது அச்சொல்லின் பொருள்.

நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லை ஒழிக்கவில்லை. அதன் உரிமையை மாற்றினார்கள். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் அன்றி வேறு எவருக்கும் ஹிமா இல்லை என்று அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்கிறது. மதீனாவை அடுத்த அந்நகீஃ, முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் அஷ்ஷரஃப், அர்ரபதா ஆகிய இடங்களையும் ஹிமாவாக ஆக்கினார்கள்.

மதீனா நகரைச் சுற்றியோ இதனினும் கடுமையான தடை இருந்தது. அங்கே மரம் வெட்டுதல் கூடாது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அல்அகீக்கில் இருந்த தம் இல்லத்திற்குச் செல்லும் வழியில், மரம் வெட்டிய அடிமை ஒருவரைக் கண்டு அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொண்டார்கள். அவருடைய எசமானர்கள் வந்து கேட்டும் திருப்பித் தரவில்லை. நபியவர்கள் தமக்கு அளித்த உரிமை அது என்று கூறிவிட்டார்கள். இதனை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் வியந்து பார்ப்பார்கள். மரத்திற்காக இவ்வளவா என்று.

எனினும் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது ஹுனைய் என்பவரின் செய்தியே. இவர் உமர் (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்டவர். ஹிமாவின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர். அவருக்குக் கலீஃபா இட்ட கட்டளையும் புகாரீயில் உள்ளது. மக்களிடம் மென்மையாக நடந்துகொள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவை அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடு. உஸ்மான் இப்னு அஃப்ஃபான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் ஆகியோரின் கால்நடைகளை விடாதே என்பது அதன் கருத்து. இவ்விருவரும் சுவனத்தின் நற்செய்தி பெற்ற பெருமக்கள்! அவர்களுக்கே தடை. காரணத்தையும் உமர் (ரலி) மறைக்கவில்லை. கால்நடைகள் அழிந்தால் அவ்விருவருக்கும் பேரீச்சந்தோட்டங்களும் பயிர்களும் உண்டு. ஏழையோ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதினும் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது.

ஹிமா இன்றும் வழக்கொழியவில்லை. லெபனானில் 2004 முதல் ஊர்மக்களின் பொறுப்பில் இப்பெயரிலேயே நிலங்கள் காக்கப்படுகின்றன. அங்குள்ள இளைஞர்களுக்கும் அதில் பயிற்சி அளிக்கப்படுகிறது.

இதனை நாம் எழுதக் காரணம் நம் மதரஸாவின் பின்புறத் தோட்டம். உளூச் செய்த நீர் வீணாக ஓடிய இடத்தில், சென்ற ஆண்டு மாணவர்கள் முருங்கையும் அகத்தியும் வாழையும் நட்டனர். பயன்படுத்திய அந்நீரால் மீண்டும் உளூச் செய்ய இயலாது என்பது நம் மத்ஹபின் சட்டம். செடிக்கு ஊற்றுவதற்குத் தடையில்லை. குழி தோண்டிய நாளில் ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களின் விடுதலைக்காக நடப்பட்ட 300 பேரீச்சங்கன்றுகளைப் பற்றிக் கூறினோம். தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று இயன்றவரை கன்றுகள் தந்தனர். குழி தோண்ட உதவினர். நபியவர்கள் தம் கையால் நட்டார்கள். ஒன்றும் பட்டுப்போகவில்லை. நம் கன்றுகளிலோ பாதிக்கு மேல் பட்டுப்போயின. மாணவர்கள் மீண்டும் நட்டனர்.

பிறகு ஆடுகள் வந்தன. அவற்றுள் இரண்டு, கணவரை இழந்த ஒரு தாயாருடையவை. மற்றவை ஜமாஅத்தில் செல்வாக்குடைய ஒருவரின் மந்தை. எல்லா ஆடுகளையும் விரட்ட வேண்டும் என்றனர் சிலர். ஹுனையின் செய்தியைப் படித்த மறுநாள் மாணவர்களே ஒரு முடிவுக்கு வந்தனர். வேலியோர அகத்தித் தழையை நாள்தோறும் ஒடித்து அந்தத் தாயாரின் வீட்டிற்குக் கொடுப்பது. மந்தைக்குத் தோட்டத்தில் இடமில்லை. அதனை மந்தைக்காரரிடம் யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது அனைவரும் நம் முகத்தைப் பார்த்தனர்.

நாம் தயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஜும்ஆக்கள் அவ்வாறே கழிந்தன. மூன்றாவது ஜும்ஆவுக்குப் பின் சென்று சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், அந்த ஹதீஸில் தடுக்கப்பட்டவர்களின் பெயர்களை மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு கேட்டார். சொன்னோம்.

மறுவாரம் வேலிக்கு மூங்கில் அனுப்பியிருந்தார்.