பேனா பிடிக்க முடியாத விரல்கள்

மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால், அதை உருவாக்கிய டாக்டரால் ஒரு காலத்தில் பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றால் நம்புவீர்களா?

டாக்டர் ஜி.வெங்கடசாமி. சுருக்கமாக, ‘டாக்டர் வி’. 1918-ல் எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். ஏட்டுக்கும் பென்சிலுக்கும் வழியில்லாமல், ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த பிள்ளை. உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் அடுத்தடுத்து இறந்துபோக, ‘பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆகணும்’ என்று சின்ன வயசிலேயே முடிவெடுத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லியில் பட்டம். அடுத்து ராணுவ மருத்துவப் பணி.

அப்போதுதான் இடி விழுந்தது. முடக்குவாதம்! 1948-ல் ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. விரல்கள் கோணிப்போயின, எழுந்து நிற்பதே பெரும்பாடு. பிரசவ டாக்டர் கனவு அதோடு சரி.

‘உனக்கு இந்தத் தொழில் சரிப்படாதுப்பா’ என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். அவரோ மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1951-ல் கண் மருத்துவத்தில் டிப்ளமோ. முதலில் பேனா, அப்புறம் கத்தி, அதற்கும் அப்புறம்தான் கண் என்று படிப்படியாகக் கையைப் பழக்கினார். விரலை மாற்ற முடியாது. பிடியை மாற்றலாம் இல்லையா? தன் விரல்களுக்குத் தோதான கருவிகளைச் செய்துகொண்டார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். வாழ்நாளில் அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த். 2006-ல் மறைந்தார்.

இன்றைக்கு இளம் டாக்டர்களுக்குக் கண் அறுவை சிகிச்சை கற்றுத் தருவதும் இதே வழியில்தான். மொத்த சிகிச்சையையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் ஆட்டுக் கண்ணில் பழக்கம். நோயாளியிடம் வரும்போதும் ஒவ்வொரு படியாகத்தான்; பக்கத்திலேயே மூத்த டாக்டர் இருப்பார். ஒருவருக்குக் கை தடுமாறினால், ‘இவருக்கு வராது’ என்று முத்திரை குத்தக் கூடாது. எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். தேறினால்தான் அடுத்த படி.

இது சலுகை இல்லை. மணலில் எழுதியது தப்பானால் அழித்து எழுதலாம். நோயாளியின் கண்ணில் முடியுமா? அதனால்தான், அழித்து எழுத ஓர் இடத்தை மாணவனுக்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டியிருக்கிறது!