வகுப்பறைப் பலகை, மணல் முதல் தொடுதிரை வரை: முள்ளிக்குளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மன்னார் மாவட்டத்தின் தென்கரையில், முசலிப் பிரதேச செயலாளர் பிரிவில், வில்பத்துக் காட்டை அண்டிக் கிடக்கும் ஊர் முள்ளிக்குளம். 2007 செப்டெம்பரில் ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. பின்னர் அந்நிலத்தில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2012இல் திரும்பி வந்த குடும்பங்கள் ஊருக்குள் போக முடியாமல் பக்கத்தில் மலங்காட்டில் குடியேறின. 2017 மார்ச் 23இல் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின், ஏப்ரல் 29இல், 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. கோயிலும் பாடசாலையும் படைமுகாம் எல்லைக்குள் அகப்பட்டுப்போன ஊர் இது.

இத்தகைய ஊரை முன்வைத்து வகுப்பறைத் தொடுதிரைகளை ஒப்பிடுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் கொழும்புப் பாடசாலை ஒன்றில் எவரும் கேட்காத கேள்விகள் இந்தக் கரையில் முதல் நாளே எழும். மின்சாரம் போனால் என்ன செய்வது? உப்புக்காற்று என்ன செய்யும்? பழுதானால் திருத்துபவர் எங்கிருந்து வருவார்? பிள்ளையின் கை எட்டுமா? கடைசிக் கேள்வியே இக்கட்டுரையின் அச்சாணி. வகுப்பறை எழுதுபரப்பின் வரலாறு, அதில் யாருடைய கை பட்டது என்பதன் வரலாறே. பிள்ளையிடம் இருந்த அந்தப் பரப்பு ஒரு கட்டத்தில் ஆசிரியரிடம் போனது. தொடுதிரை அதைத் திருப்பிக் கொடுக்குமா என்பதை வைத்தே அதை அளக்க வேண்டும்.

மணலும் கரும்பலகையும்

தமிழ்ப் பிள்ளையின் முதல் எழுதுபரப்பு மணல். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக இருந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, கையால் அழித்தார்கள். விரல் பழகிய பிறகே எழுத்தாணியும் ஓலையும். ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பது இன்றும் ஈழத்துச் சைவக் குடும்பங்களில் உண்டு.

இந்த மணலுக்கு உலக வரலாறு ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்துக்காரரான அன்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் மேற்பார்வையாளரானார். ஒருநாள் போகும் வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் அந்தப் பெயரால்தான் குறித்தனர். அதைத் தம் பள்ளியின் அரிச்சுவடி வகுப்பில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே மாணவன் ஒருவனைக் கொண்டே கற்பித்தார். மாணவனே மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூல் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் நடத்திய இலண்டன் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதினார்கள். நம்மிடமிருந்து போனது திரும்பி வந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது என்பது என் கருத்து. முதலில் சிலேட்டாக வந்தது. பிறகு கரும்பலகையாக வந்தது.

கரும்பலகையைப் பரவலாக்கியவராகப் பொதுவாகக் குறிக்கப்படுபவர், 1810 முதல் 1820 வரை எடின்பரோ உயர்பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் பிலன்ஸ். புவியியல் படங்களை அவர் வண்ண வெண்கட்டிகளால் பெரிய பலகையில் வரைந்தார். இந்தப் பலகைக்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் கேட்கும் வகுப்பு வேண்டும். திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில் போனது. அங்கே பொதுப் பலகைக்கு வேலையில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலைகளும், 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் வகுப்பு முறையை ஊன்றின. பலகையின் முன் நின்றவர் ஆசிரியர். பிள்ளை அதைப் பார்த்துக் கொப்பியில் இறக்கியது. பலகைக்கு அழைக்கப்படுவது பரிசாகவோ தண்டனையாகவோ ஆனது.

இதைக் கரும்பலகையின் குற்றமாகச் சொல்லவில்லை. அதைவிட மலிவான, பழுதாகாத கருவி வேறில்லை. இந்தியா 1987இல் ‘கரும்பலகைத் திட்டம்’ என்ற பெயரிலேயே தொடக்கப் பள்ளிகளுக்கு அறைகளும் ஆசிரியர்களும் அடிப்படைச் சாதனங்களும் தர முனைந்தது. 32 ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே அரசு தொடங்கியது ‘டிஜிட்டல் பலகைத் திட்டம்’. வன்னியில் போர்க்காலப் பாடசாலைகள் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் நடந்தபோது கூடவே போகக்கூடியதாக இருந்தது கரும்பலகை ஒன்றுதான். கருவிகள் படிப்படியாக முன்னேறுகின்றன என்று நூல்கள் எழுதும் வரிசை, இடம்பெயர்ந்த ஊர்களுக்குப் பொருந்துவதில்லை.

விரல் கண்ணாடிக்கு வந்தது

தொடுதிரையைக் கைப்பேசியோடு பிறந்ததாக நினைப்பவர்கள் பலர். அது பிறந்தது ராடர் நிலையத்தில், வளர்ந்தது வகுப்பறையில். 1965இல் இங்கிலாந்தின் மால்வேன் நகரிலிருந்த அரச ராடர் ஆய்வு நிலையத்தில் ஈ. ஏ. ஜோன்சன், விரல் பட்டால் மின்னேற்றம் மாறுவதைக் கொண்டு இயங்கும் திரையை விவரித்தார். கொள்ளளவுத் தொடுகை எனப்படும் இந்த முறையே இன்றைய கைப்பேசிகளில் உள்ளது. 1972இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் பிளேட்டோ 4 என்ற கணினிவழிக் கற்பித்தல் முனையத்தை வெளியிட்டது. அதன் திரையைச் சுற்றி 16க்கு 16 என்ற அகச்சிவப்புக் கதிர் வலை. மாணவர் விடையைத் தொட்டால் கதிர் அறுபடும், அறுபட்ட இடத்தை இயந்திரம் அறியும்.

இன்று பாடசாலைகளுக்கு விற்கப்படும் பெரிய திரைகளில் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. சட்டத்தின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளி உமிழும் சிறு விளக்குகள், எதிர்ப் பக்கத்தில் அதை உணரும் கண்கள். கிடையாகவும் நெடுக்காகவும் கதிர்கள் ஓடுகின்றன. ஒரு விரல் பட்டால் ஒரு சந்திப்பு. இரண்டு விரல் பட்டால் நான்கு சந்திப்புகள் தோன்றும். அவற்றில் இரண்டு பொய். பொய்யை நீக்கச் சரிவாகவும் கதிர்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். விரலாயினும் பேனாவாயினும் தடியாயினும் கதிரை மறைக்கும் எதுவும் எழுதும். விளிம்பில் குந்திய பூச்சியும் எழுதும்.

பிளேட்டோவுக்கும் இன்றைய திரைகளுக்கும் இடையில் வந்தது புரொஜெக்டர் வைத்த வெண்பலகை. கனடாவின் கல்கரி நகரில் டேவிட் மார்ட்டினும் நான்சி நோல்ட்டனும் தொடங்கிய ஸ்மார்ட் நிறுவனம் 1991இல் தன் முதல் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘ஸ்மார்ட் போர்ட்’ என்று நாம் எல்லாத் திரைகளையும் அழைப்பது அந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரால்தான். எழுதுபவரின் நிழல் பலகையில் விழும். விளக்கின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். யாராவது பலகையை இடித்துவிட்டால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி ஒத்திசைக்க வேண்டும். பணமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. 2007 அளவில் ஜொனி சுங் லீ என்ற ஆய்வாளர், விளையாட்டுக் கருவி ஒன்றின் கைப்பிடியையும் அகச்சிவப்புப் பேனாவையும் கொண்டு எந்தச் சுவரையும் இப்படிப்பட்ட பலகையாக்கிக் காட்டினார்.

பிரித்தானியா இந்தப் பலகைகளுக்குப் பெருந்தொகை செலவிட்டது. இலண்டன் உயர்நிலைப் பள்ளிகளில் பலகைகள் பொருத்தப்பட்டதன் விளைவை ஜெம்மா மொஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து 2007இல் அறிக்கை தந்தது. தேர்வுப் பெறுபேறுகளில் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் முதலாண்டில் காணப்படவில்லை. ஆசிரியர் முன்னே நின்று பேசும் பாடம், பளபளப்பான பலகையிலும் ஆசிரியர் முன்னே நின்று பேசும் பாடமாகவே இருந்தால் வேறென்ன நடக்கும்?

இந்தியாவின் பாடம் வேறுவகை. எடுகொம் நிறுவனம் தனியார் பள்ளிகளுக்குப் பலகையும் பாட உள்ளடக்கமும் தவணைக் கட்டணத்தில் கொடுத்துப் பெரிதாக வளர்ந்தது. 2017இல் நொடிப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கருவியோடு உள்ளடக்கத்தையும் ஒரே நிறுவனத்திடம் கட்டிவைத்தால் நேரக்கூடியது இது. தமிழ்நாட்டில் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்ற அளவில் 2024இல் நடந்த முயற்சியைப் பத்தாண்டு கழித்து எடைபோடுவதே நியாயம்.

கூட்ட அறையின் கதை

அலுவலகத் திரை வேறு பரம்பரை. 1990களின் தொடக்கத்தில் சீரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகம் ‘லைவ்போர்ட்’ என்ற பெரிய திரையைக் கூட்டங்களுக்காகச் செய்தது. மைக்ரோசொப்ட், 2012இல் பெர்செப்டிவ் பிக்சல் என்ற தொடுதிரை நிறுவனத்தை வாங்கி, 2015இல் 55, 84 அங்குல ‘சர்பேஸ் ஹப்’ திரைகளை அறிவித்தது. கூகுள் 2016இல் அறிவித்த 55 அங்குல ‘ஜாம்போர்ட்’டின் ஆதரவு 2024இல் நிறுத்தப்பட்டது. எட்டே வருடம்! கண்ணாடி நன்றாக இருக்கும்போதே மென்பொருள் செத்துவிடுகிறது. கூட்ட அறைக்குக் கமராவும் ஒலிவாங்கியும் முக்கியம், வகுப்பறைக்கு எழுத்து முக்கியம். ஆனால் கணிதம், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத முசலிப் பக்கத்துப் பாடசாலைக்கு மன்னார் நகர ஆசிரியர் ஒருவர் இணைய வழியில் பாடம் எடுப்பதானால், கூட்ட அறைக் கருவியின் குணங்களே வகுப்பறைக்கும் வேண்டும்.

முசலிக் கரையில் எது நிற்கும்?

இனி ஒப்பீடு. இலங்கைப் பாடசாலைக் கட்டடங்களில் வழக்கமான அகலம் 20 அடி. 20க்கு 20 அடி வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளை திரையிலிருந்து ஏறத்தாழ 5.5 மீற்றரில் இருக்கும். வாசிக்க வேண்டிய எழுத்துக்குக் காட்சித்துறையினர் சொல்லும் பொது விதி, திரை உயரத்தின் ஆறு மடங்குக்கு அப்பால் யாரும் இருக்கக்கூடாது என்பது. 65 அங்குலத் திரையின் உயரம் 81 சென்ரிமீற்றர், எல்லை 4.9 மீற்றர், போதாது. 75 அங்குலம் 93 சென்ரிமீற்றர், எல்லை 5.6 மீற்றர், மட்டுமட்டு. 86 அங்குலம் 107 சென்ரிமீற்றர், எல்லை 6.4 மீற்றர், தாராளம். ஆனால் பாரம் அறுபது கிலோவை ஒட்டிப் போகும், பழைய சீமெந்துக்கல் சுவரில் பொருத்த யோசிக்க வேண்டும். ஆகவே 75.

தொடுகை முறையில், கொள்ளளவுத் திரை நுட்பமானது. விளிம்பில் தூசி தங்கும் மேடும் இல்லை. ஆனால் இந்த அளவில் விலை கூட. அகச்சிவப்புத் திரை மலிவு, ஈரக் கையாலும் எழுதலாம். அதன் பகை நேர்வெயிலும் தூசியும். நமது வகுப்பறைகள் பல அரைச்சுவரோடு திறந்தவை. கச்சான் காலத்தில் மணல் அறைக்குள் அள்ளிக் கொட்டும், மாலை வெயில் திரையில் நேராக விழும். எனவே அகச்சிவப்புத் திரை வாங்கினால், வெயில் படாத சுவரும், கம்பியடைப்புள்ள அறையும், தினமும் விளிம்பை உலர்துணியால் துடைக்கும் பழக்கமும் சேர்ந்தே வர வேண்டும். விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் 20, 40 விரல் கணக்கைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுத முடிந்தால் போதும்.

மின்சாரம் போனால் தாங்க யூபிஎஸ் வேண்டும் என்பதை நீட்டத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விலைப்பட்டியலில் வராத சிக்கல் ஒன்று எழுத்துரு. நம் ஆசிரியர்களிடம் உள்ள பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. பென் ட்ரைவில் கொண்டுவந்து அண்ட்ரொயிட் திரையில் திறந்தால், ‘தமிழ்’ என்று நிற்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். முதல் நாளே இது நடந்தால் ஆசிரியர் திரையை மூடிவிட்டு வெண்கட்டியை எடுப்பார், அதில் தவறும் இல்லை. கோப்புகளைப் பிடிஎப் ஆக்கினால் உடனடித் தீர்வு, யுனிகோடுக்கு மாற்றினால் நிலையான தீர்வு. வலயக் கல்வி அலுவலகம் ஒன்று ஒரு விடுமுறைக் காலத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. திரை வாங்கும் காசில் சிறு பங்குகூட ஆகாது.

உயரம்தான் மிச்சம். திரையை வளர்ந்தவரின் வசதிக்காக அடிவிளிம்பு 120 சென்ரிமீற்றரில் வரும்படி பொருத்துகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கை ஏறத்தாழ 135 சென்ரிமீற்றர் வரை எட்டும். ஆக அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அடியில் 15 சென்ரிமீற்றர் அகலக் கீற்று. 70 சென்ரிமீற்றரில் பொருத்தினால் திரையின் பாதிக்கு மேல் அதன் கைக்கு வரும். இதற்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவில்லை.

பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் இப்போது பாடசாலைகளுக்குத் திரைகளை அன்பளிப்புச் செய்கிறார்கள், நன்கொடையாளர் பெயர்ப்பலகை சில இடங்களில் திரையைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: 86 அங்குலத்துக்கு வைத்திருக்கும் காசில் 75 அங்குலம் வாங்கி, மீதியை யூபிஎஸ், ஐந்து வருட உத்தரவாதம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். கணினிப் பகுதியைக் கழற்றி மாற்றக்கூடிய திரையாகப் பாருங்கள், மென்பொருள் காலாவதியானாலும் கண்ணாடி வீணாகாது. அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திரை வந்துவிட்டது என்பதற்காகப் பக்கத்துச் சுவரில் உள்ள கரும்பலகையைக் கழற்றிவிட வேண்டாம்.