ஜல்லியும் வெள்ளைப் பசையும்

நிஜ ரயில் பாதையில ஜல்லி தன் கனத்துலயே கிடக்கும். பிரிட்டன்காரங்களோட 1:76 மாடல்ல அது ரவை சைஸ், தும்மினா காலி! அதனால பசை.

1912-ல ஜெர்மனியில ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடிச்ச பாலிவினைல் அசிடேட்தான் பின்னாள்ல வெள்ளைப் பசையா இதுக்கும் வந்துச்சு (நம்ம ஃபெவிகாலும் இதே வகையறாதான்). பாதிக்குப் பாதி தண்ணி, கூடவே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம். அந்தச் சொட்டு இல்லைன்னா பசை உள்ள இறங்காம முத்து முத்தா உருண்டு நிக்கும்.

காய்ஞ்சா கல்லா இறுகி, வண்டி ஓடுறப்போ சத்தம். அதுக்காகவே சிலர் காப்பிடெக்ஸ் மாதிரி ரப்பர் பால் பசைக்குத் தாவினாங்க. இருந்தும் வெள்ளைப் பசை நிலைச்சதுக்குக் காரணம், என்னைக் கேட்டா, அதோட பலவீனம்தான். வெந்நீர் ஊத்தினா இளகும். தண்டவாளத்தை அலுங்காம எடுத்து வேற பாதை போடலாம். மாடல்காரங்க ஒரே பாதையோட எங்க நிக்கறாங்க?

பாயிண்ட் பக்கம் மட்டும் கை அடக்கமா ஊத்துங்க மக்கா, நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா நகராது.