திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம்

திருவிதாங்கூர் அரசு புழக்கத்தில் விட்ட மிகச் சிறிய வெள்ளி நாணயம் சக்கரம். அதன் எடை ஏறத்தாழ 0.36 கிராம், கைவிரல் நகத்தின் மீதே அடங்கிவிடும். இன்று கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அம்பூரி மலையடிவாரமும், தமிழ்நாட்டில் இருக்கும் விளவங்கோடும் கல்குளமும் அன்று ஒரே அரசின் கீழ் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டதற்கு முன்பு, இப்பகுதி முழுவதற்கும் ஒரே நாணயக் கணக்குதான்.

16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய் என்பது அந்தக் கணக்கு. சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம்; பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம், அதாவது 456 காசு. ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குச் சரக்கு கொண்டுபோன வியாபாரி இரண்டு கணக்கையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மாற்று விகிதம் வெள்ளியின் அளவையும் ஒட்டியே இருந்தது. இருபத்தெட்டரைச் சக்கரத்தின் எடை சுமார் 10.3 கிராம், பிரிட்டிஷ் ரூபாயில் இருந்த தூய வெள்ளி சுமார் 10.7 கிராம்.

இவ்வளவு சிறிய நாணயத்தை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாத காரியம். அதற்கென்றே சக்கரப்பலகை இருந்தது. மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் குடைந்திருப்பார்கள். ஒரு குழியில் ஒரு சக்கரம் மட்டுமே அடங்கும். நாணயங்களைப் பலகையில் கொட்டிக் குலுக்கி, மேலே நிற்பவற்றைக் கையால் வழித்துவிட்டால், குழிகளின் எண்ணிக்கையே தொகை. கருவூலத்திலும் கோயில் கணக்கிலும் வணிகர் வீட்டிலும் இப்பலகை பயன்பட்டது.

பழைய சக்கரங்கள் கம்மட்டத்தில் கையால் அடிக்கப்பட்டவை. வெள்ளித் துணுக்கை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியால் அடித்ததால், முத்திரை பெரும்பாலும் ஓரத்துக்கு விலகியிருக்கும். அச்சு நாணயத்தைவிடப் பெரியதாக இருந்தால் முத்திரையின் ஒரு பகுதிதான் பதியும். முகத்தில் புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே உண்டு. மன்னர் பெயரோ ஆண்டோ கிடையாது. அதே காலத்து ஐரோப்பிய வழக்கம் வேறு. டென்மார்க் அரசு தரங்கம்பாடியில் 1818 வரை அடித்த ராயலின் என்னும் சிறு வெள்ளி நாணயத்தில் அந்நாட்டு மன்னரின் பெயரெழுத்து முத்திரை இருந்தது. இங்கிலாந்தின் 0.47 கிராம் வெள்ளிப் பென்னியில் மன்னரின் தலையும் ஆண்டும் உண்டு. அவற்றின் காலத்தை நாணயத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சக்கரத்துக்கு அது முடியாது.

இயந்திர அச்சு வந்தபின் நிலை மாறியது. சங்கு முத்திரையும், ராம வர்மாவைக் குறிக்கும் ஆர்வி என்ற ஆங்கில எழுத்துகளும், பின்னர் கொல்லம் ஆண்டும் நாணயங்களில் இடம்பெற்றன. மூலம் திருநாள் (ஆட்சி 1885–1924) காலத்தில் சக்கரம் செம்பு நாணயமாயிற்று. வெள்ளி, பணத்துக்கும் கால் ரூபாய், அரை ரூபாய்க்கும் என்றானது. கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் வெள்ளி நாணயங்களில் 1121 என்ற கொல்லம் ஆண்டைக் காணலாம். அது 1945 ஆகஸ்டில் தொடங்கிய ஆண்டு. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சி இணைப்பு நடந்தது. தனி நாணயத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சேகரிப்பவர்கள் சக்கரத்தை முதலில் நிறுத்துப் பார்க்கிறார்கள். மில்லிகிராம் காட்டும் தராசில் எடை வெகுவாக விலகினால் ஐயப்பட இடமுண்டு. அடுத்தது, புள்ளிகளின் எண்ணிக்கையும் அமைப்பும். ஒரே அச்சில் அடித்தவற்றை இனம் பிரிக்க அவையே துணை. கறுத்துப்போன வெள்ளியைத் தேய்த்து மினுக்கினால் மேற்பரப்பு அழிந்து, சேகரிப்பு மதிப்பும் குறைகிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையில் கேரளத் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது.

பெயரும் ஆண்டும் இல்லாத நாணயத்துக்குக் கிடைத்த இடமே பெரிய சான்று. எந்த மண்ணில், எந்தப் பானையில், வேறு எந்த நாணயங்களோடு இருந்தது என்பதிலிருந்துதான் அதன் காலத்தைக் கணிக்க முடியும். புதையலைப் பங்கிட்டு விற்றுவிட்டால் அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நடைமுறையில் உள்ளது. நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. தோட்டம் கிளறும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ சக்கரக் குவியல் அகப்பட்டால், அதைப் பிரிக்காமல், கழுவாமல், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பதே முறை.