எலுமிச்சைப் பானம்

எலுமிச்சைப் பானம் என்பது எலுமிச்சம்பழச் சாற்றுடன் நீர், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் கலந்து வீடுகளில் தயாரிக்கப்படும் குளிர்பானம் ஆகும். இலங்கைத் தமிழர் இப்பழத்தைத் தேசிக்காய் என அழைப்பர்.

செய்முறை

கொல்லையில் பறித்த பழத்தைக் குறுக்காக வெட்டி, விதைகளை நீக்கிப் பிழிய வேண்டும். ஒரு பழத்தின் சாற்றுக்கு ஒரு பெரிய குவளை நீர், மூன்று தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போதுமானது.

கசப்பும் பாத்திரமும்

விதைகளிலும் தோலின் வெண்பகுதியிலும் லிமோனின் என்னும் கசப்புப் பொருளைத் தரும் சேர்மங்கள் உள்ளன. எனவே விதை நசுங்கினாலோ, பழத்தை மிகையாக அழுத்திப் பிழிந்தாலோ பானம் கசக்கும். பிழிந்து வைத்த சாற்றிலும் நேரம் செல்லச் செல்லக் கசப்பு கூடும். ஆகவே உடனே அருந்துவது நன்று. சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் செம்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களைக் கரைக்கக்கூடியது. ஆதலால் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரங்களே ஏற்றவை.