அம்மாவின் குடியும் மகளின் வீடும்



மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு வந்தால் சாதகத்தோடு இன்னொன்றையும் விசாரிப்பார்கள். பெண் என்ன குடி, மாப்பிள்ளை என்ன குடி? இரண்டும் ஒன்றென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. குடி தாய்வழியாக வருவது. தகப்பன் உலகிப்போடி குடியாக இருந்தாலும், தாய் படையாண்ட குடியென்றால் பிள்ளைகளும் படையாண்ட குடிதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நேயர்கள் பலருக்கு இது புதிதாக இருக்கும். சிட்னியில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கோ கதை போல இருக்கும்.

இந்த வழக்கத்தைப் பொறுமையாக இருந்து எழுதியவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். சிக்காகோ பல்கலைக்கழக மாணவராக 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். 1970களில் மீண்டும் வந்தார், போர் நடந்த 1990களிலும் வந்தார். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் அந்த ஊரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 2008இல்தான் வெளிவந்தது. ஏறக்குறைய நாற்பது வருடங்கள்! எங்களில் எத்தனை பேர் சொந்த ஊரையே இப்படிக் கவனித்திருப்போம்?

அவர் கண்டவற்றில் முக்கியமானது, தாய்வழிக் குடி முஸ்லிம்களிடமும் இருப்பது. கோயிலில் திருவிழா குடிவாரியாகப் பகிரப்படும், வண்ணக்கர் பொறுப்பும் அப்படியே. பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருப்பார். வீடு விடயத்திலும் இரு சமூகமும் ஒன்றுதான். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். அடுத்த மகளுக்கு, முடிந்தால் அதே வளவில், இன்னொரு வீடு எழும்பும். கல்யாணத்தோடேயே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடுவதால், முஸ்லிம் குடும்பங்களில் பின்னர் மார்க்கப்படி பங்கு பிரிக்க மிஞ்சுவது குறைவு.

1990இல் கிழக்கில் இந்த இரண்டு சமூகங்களுக்கும் இடையில் கொலைகள் நடந்தன, வீடுகள் எரிந்தன. ஒரே மாதிரிக் குடியும் வளவும் அதைத் தடுக்கவில்லை. இதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. கடலோரத்தில் போன வீடுகளில் கனக்க வீடுகள் பெண்களுடையவை. புது வீட்டுக்கு உறுதி எழுதும்போது அதிகாரிகள் தேடியதோ "குடும்பத் தலைவர்". அந்த இடத்தில் பெரும்பாலும் கணவனின் பெயர்தான் விழுந்தது. தாய் தந்த வீட்டை இழந்தவளுக்குக் கிடைத்த புது வீடு அவளுடையதில்லை. மகளுக்குச் சீதனமாக அவள் எதைக் கொடுப்பாள்? மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் இதைப் பற்றியும் எழுதினார்கள்.

என்னுடைய அம்மம்மா தம்பிலுவில் பெண். போன கிழமை அம்மாவிடம் எங்கள் குடி என்னவென்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பெரியம்மாவுக்குத் தெரியும், கோல் எடு" என்றார். பெரியம்மாவுக்கு 91 வயது. இந்த ஞாயிறு எடுக்கிறேன்.